கடைசி வாரம் மட்டும் படித்தவன்

முதலில் கண்டுபிடித்தது என் செருப்புதான். ஒருநாள் மாலை அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினேன். செருப்பு வாசலில் கிடந்தது, அதன் வார் மட்டும் காலிலேயே இருப்பதுபோல ஆழமாகத் தடம் பதிந்திருந்தது. என் மனைவி கலாவைக் கூப்பிட்டு, "கார்ப்பரேஷன்காரன் என் கால்ல கால்வாய் வெட்டிட்டான், பாரு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. விரலால் அழுத்திப் பார்த்தாள். அழுத்திய இடம் குழியாகவே நின்றது.

"பரோட்டா மாவு மாதிரி அமுங்குது. நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம்."

நான் மறுநாள் போனது செருப்புக் கடைக்கு. ஒரு சைஸ் பெரிதாக வாங்கினேன். டாக்டரிடம் போக நான்கு மாதம் ஆயிற்று. இதைப் படிக்கும் உங்களுக்கும் கால் வீங்கினால், தயவுசெய்து செருப்பை மாற்றாதீர்கள்.

பத்து வருட சர்க்கரை, ஆறு வருட ரத்த அழுத்தம், இரண்டுக்கும் நான் ஞாபகம் வந்தபோது மட்டும் போட்ட மாத்திரை. ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) எகிறியிருந்தது. டாக்டர் என் மகள் வயதுப் பெண். காகிதத்தைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கலாவைப் பார்த்தார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"சார், ரெண்டு கிட்னியும் வேலை செய்யல. வாரம் மூணு தடவை டயாலிசிஸ் பண்ணணும்" என்றார். டயாலிசிஸ் (ரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து திரும்ப உள்ளே அனுப்புவது) எத்தனை நாளைக்கு என்று கேட்டேன்.

"நாள் கணக்கு இல்ல சார்."

இடது மணிக்கட்டில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்து, ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாயைப் பருக்கவைப்பது) போட்டார்கள். அது தயாராகச் சில வாரம் ஆகும். அதுவரை கழுத்தில் ஒரு குழாய். அதற்கு மேல் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தேன். தெருவில் யாராவது கேட்டால், "ஸ்டைல்" என்பேன்.

செவ்வாய், வியாழன், சனி. பகல் பன்னிரண்டு முதல் நான்கு வரை. ஒன்பது நாற்காலி, ஒன்பது இயந்திரம். முதல் மூன்று வாரம் ஒழுங்காகப் போனேன். நான்காம் சனிக்கிழமை மாங்காட்டில் மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசம். ஒருநாள்தானே என்று டயாலிசிஸுக்கு மட்டம் போட்டேன். பாயசம் இரண்டு முறை, ரசம் கையில் வாங்கிக் குடித்தேன், வெயிலுக்கு மோர்.

சிறுநீர் பிரியாத உடம்புக்குள் போன தண்ணீர் எங்கே போகும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. திங்கட்கிழமை காலை அது நுரையீரலுக்குப் போயிருந்தது. படுத்தால் மூச்சில்லை, உட்கார்ந்தாலும் இல்லை. தரையிலேயே தண்ணீரில் மூழ்குவது எப்படி என்று எனக்குத் தெரியும் இப்போது.

பிழைத்து வந்த பிறகு எனக்குத் திருந்தத் தோன்றவில்லை. வெறுத்துப்போயிற்று. "இதுக்கு மேல வேணாம் கலா. மெஷின்ல மாட்டிக்கிட்டு எத்தனை வருஷம்? நிறுத்திடலாம்" என்றேன். நான் வேடிக்கையாகப் பேசாத பேச்சு அது ஒன்றுதான். அதனால் அவள் பயந்துவிட்டாள்.

"செவ்வாக்கிழமை ஒரு நாள் வாங்க. அப்புறம் பேசிக்கலாம்" என்றாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை என்னை எதிர்மூலையில் காலியாகியிருந்த வேறு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பக்கத்து நாற்காலியில் ஒரு புது ஆள். முதல் மூன்று வாரமும் நான் யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. புது ஆள் நான்தான், அவர் ஐந்து வருடமாக அங்கே வருகிறவர், நடுவில் சில நாள் வரவில்லை என்று பின்னால் தெரிந்தது. பெயர் ஞானராஜ். பாடியில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். வயது அறுபத்து நான்கு. ஊசி குத்தாத வலது கையில், பழுப்பு அட்டை போட்ட தடிப் புத்தகம் ஒன்றைப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

நான் பைபிள் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால், பச்சையும் கறுப்புமாக ஒரு படம். கிணற்றுக்குள்ளிருந்து புகை வருகிறது, கயிற்றைப் பிடித்தபடி ஒருவன் அலறுகிறான்.

"இன்னா நைனா பாக்குற? தொடர்கதை. வாராவாரம் கிழிச்சு வெச்சு நானே தெச்சது. முப்பத்தெட்டு வருஷம் ஆவுது" என்றார்.

பத்திரிகையின் பெயரைச் சொன்னார். எனக்கு அது தெரியும். வியாழக்கிழமை காலையில் வரும் பத்திரிகை. எங்கள் வீட்டில் வாங்க மாட்டார்கள். முடி வெட்டப் போகும்போது சலூன் பெஞ்சில் கிடப்பதைத்தான் படிப்பேன். அதனால் பதினான்கு வயதில் எனக்குத் தெரிந்த கதைகளுக்கெல்லாம் முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. பேய் வரும் வாரம் தெரியும், யாருடைய பேய் என்று தெரியாது.

"இதோட கடைசி வாரம் நான் படிச்சிருக்கேன்" என்றேன்.

ஞானராஜ் கண்ணாடியைக் கழற்றினார். "கடைசி வாரமா?"

"ஆமா. சலூன்ல. முடிஞ்சதுன்னு பெருசா போட்டிருந்தது."

"எங்கிட்ட அது ஒண்ணுதான்ப்பா இல்ல. இருவத்தாறு வாரத்துல இருவத்தஞ்சு கீது. கடைசி வாரம் வந்தப்போ எனக்குக் கல்யாணம். மாமியாரு ஊட்டுக்குப் போய்ட்டு வந்து பாத்தா, எங்க அக்கா அதுல முறுக்கு மடிச்சு ஊர் முழுக்கக் குடுத்துட்டா. பழைய பேப்பர் கடையெல்லாம் தேடிட்டேன். இன்னா ஆச்சு கடைசில?"

"சும்மா சொல்லிடுவேனா? முதல் இருபத்தஞ்சு வாரம் எனக்குத் தெரியாதே."

"புக்கு தர மாட்டேன். ஒருத்தன் வாங்கினு போயி ரசம் ஊத்தி எடுத்தாந்தான்."

"நீங்க படிங்க, நான் கேக்கறேன். பெட்டியைத் திறக்கற வரைக்கும் வந்துட்டீங்கன்னா, மிச்சத்தை நான் சொல்றேன்."

"பொட்டியா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சரி. ஒரு நாளைக்கு ஒரு வாரம்தான். நீ மட்டம் போட்டா அந்த வாரம் போச்சு. திருப்பிப் படிக்க மாட்டேன்."

அன்று மாலை கலா என்னிடம், "என்ன முடிவு பண்ணீங்க?" என்று கேட்டாள். "வியாழக்கிழமை போகணும். கிணத்துல ஏதோ விழுந்திருக்கு" என்றேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

கதை இதுதான். வறண்ட கிராமம் ஒன்றில், வற்றிப்போன கிணற்றுக்குள் வானத்திலிருந்து ஒரு கலம் விழுகிறது. மறுநாள் கிணறு நிறைந்துவிடுகிறது. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கனவு வருகிறது. கிணற்றுச் சுவரில் காதை வைத்தால் உள்ளே ஒரு ரீங்காரம். ஒரு நாளைக்கு நான்கு டம்ளர் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாத ஒன்பது பேர், ஊரே குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாற்காலிக்காரர் ஒருமுறை கெஞ்சினார். "அண்ணாத்தே, அந்தக் குடிக்கிற இடத்த மட்டும் வேகமாப் படி."

கழுத்துக் குழாய் போய், கையில் ஊசி குத்தத் தொடங்கினார்கள். அதன் தடிமனைப் பார்த்தவர்கள் பார்க்காதவர்களுக்குச் சொல்லாமல் இருப்பது நல்லது. உலர் எடை (தேங்கிய நீரெல்லாம் போன பிறகு இருக்க வேண்டிய எடை) என்பதையும் கற்றுக்கொண்டேன். வாயில் ஒரு ஐஸ் துண்டை வைத்து அரை மணி நேரம் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஒரு நாளும் மட்டம் போடவில்லை.

கதையில் ஒரு சிக்கல் இருந்தது. எனக்கு நன்றாக ஞாபகம் இருந்த கடைசி வாரத்தில், மலைமேல் ஒரு பங்களா. கதாநாயகி மாடிக்குப் போய் மரப்பெட்டியைத் திறக்கிறாள். உள்ளே அவளே படுத்திருக்கிறாள், அதே வளையலோடு. நான் பங்களாவுக்காகக் காத்திருந்தேன். கதையில் பத்து வாரம் ஆயிற்று, வரவில்லை. பதினைந்து ஆயிற்று. கிராமத்தில் மலையே இல்லை. கதாநாயகியும் இல்லை. இருந்த ஒரே பெண்மணி கிணற்றுக்காரரின் அம்மா, எழுபது வயது.

பதினெட்டாம் வாரத்தில் உண்மை விளங்கியது. அந்தப் பத்திரிகையில் அப்போது இரண்டு தொடர்கதை வந்தன. நான் சலூனில் படித்தது பேய்க்கதையின் கடைசி வாரம்.

அன்றே சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் படிப்பதை நிறுத்திவிடுவார், நான் வருவதை நிறுத்திவிடுவேன் என்று பயமாக இருந்தது. சொல்லவில்லை.

நடுவில் களைத்துப்போய் இரண்டு நாள் படிக்காமல் விட்டவர், இருபத்தைந்தாம் வாரத்தைப் படித்த சனிக்கிழமை அவருக்கு மூச்சு வாங்கியது. இதயக்குழாயில் அடைப்பு, திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். கதையில், எல்லோரும் ஊரை விட்டுப் போன பிறகு கிணற்றுக்காரர் தனியாக எட்டிப் பார்க்கிறார். உள்ளேயிருந்து யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஞானராஜ் புத்தகத்தை மூடினார்.

"சொல்லு நைனா. திங்கக்கிழமை இன்னா ஆவுமோ. தெரிஞ்சிகினு போறேன்."

சொந்தமாக ஒரு முடிவு சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். என் வாழ்க்கையில் பொய்க்குப் பஞ்சம் வந்ததில்லை. அன்று வந்தது.

"அண்ணே, நான் படிச்சது இந்தக் கதை இல்ல. பெட்டி வர்ற கதை வேற."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"மொத நாளே தெரியும். அது பக்கத்துல வந்த பேய்க்கதை. அதையும் தெச்சு வெச்சிகிறேன். அது முழுசா கீது."

"அப்புறம் ஏன் இவ்வளவு நாள் படிச்சீங்க?"

புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ குந்திகிற சேர்ல முன்னாடி ஒருத்தர் இருந்தாரு. ஒரு நாள் வரல. நானும் போதும்டா சாமின்னு ஊட்லயே குந்திகினேன். எம் பொண்ணு அழுதுகினே இஸ்துகினு வந்தா. வந்து பாத்தா நீ, மூஞ்சிய தூக்கி வெச்சிகினு. கேக்கறதுக்கு ஒரு ஆளு இருந்தாத்தானே படிக்கலாம்னு வருவேன்? உனுக்காகன்னு நெனச்சிக்காத."

செவ்வாய்க்கிழமை பக்கத்து நாற்காலி காலி. வியாழக்கிழமையும். அந்த வியாழக்கிழமை பாடி மேம்பாலத்துக்குக் கீழே பஸ் நின்றபோது, இறங்கி எதிர்ப்பக்கம் போய் வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்று இருந்தது. கதையும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. பஸ் நகர்ந்துவிட்டது. நான் உட்கார்ந்தே இருந்தேன். அன்று வீரம் எதுவும் இல்லை. எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

போனதுதான் போனோம் என்று, சும்மா இருந்த வலது கையால் ஒரு நோட்டில் இருபத்தாறாம் வாரத்தை எழுதத் தொடங்கினேன். மூன்று வாரம் எழுதினேன்.

ஞானராஜ் இதயத்தில் ஒரு ஸ்டென்ட் (அடைப்பை விலக்கிப் பிடிக்கும் சிறு வலைக்குழாய்) வைத்துக்கொண்டு, பாதி உடம்பாகத் திரும்பி வந்தார். நோட்டைக் கொடுத்தேன். நான்கு மணி நேரமும் அதையே படித்தார்.

"கையெழுத்து நல்லா கீது. கதை சப்புனு கீது."

"அப்ப திருப்பிக் குடுங்க."

"இரு மாமே. தெச்சு சேத்துக்கறேன். பேனாவுல எழுதிகிறியே, பென்சில்ல எழுதக் கூடாதா? ஒரிஜினல் கெடச்சா அழிக்கணும்ல."

இப்போது அவர் காலை ஷிஃப்ட், நான் பகல். வாசலில் செருப்பு மாட்டும் பத்து நிமிடம்தான் எங்களுக்கு. அதில் அந்தப் பேய்க்கதையை ஒரு பக்கம், இரண்டு பக்கமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். முடிவு தெரிந்த கதைதான். பெட்டிக்குள் யார் என்று தெரியும். பங்களாவுக்கு அவள் எப்படி வந்து சேர்ந்தாள் என்பது முப்பத்தெட்டு வருடம் கழித்துத்தான் தெரியவருகிறது.

என் வாரத்துக்கு இப்போது மூன்று நாள். சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவே இருப்பது நீண்ட இடைவெளி, அதில் நாக்கைக் கட்ட வேண்டும். வருடங்களை நான் எண்ணுவதில்லை. சின்ன வயதில் வியாழனிலிருந்து வியாழனுக்கு இருந்ததுபோலத்தான் இருக்கிறேன்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால், இடது மணிக்கட்டைக் காதில் வைத்துக்கொள்வேன். பார்ப்பவர்கள் கடிகாரம் ஓடுகிறதா என்று கேட்கிறேன் என நினைப்பார்கள். ஃபிஸ்டுலா போட்ட அந்தக் கையில் கடிகாரம் கட்டக் கூடாது. தோலுக்கு அடியில் ரத்தம் விரைந்து போகும் ரீங்காரம் கேட்கும், கிணற்றுச் சுவரில் காதை வைத்ததுபோல. உள்ளே ஏதோ நடந்துகொண்டிருக்கிறது. கேட்டுக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தில் இறங்குவேன்.