வளைவில் ஒரு ஹாரன்

கல்லூரியை நெருங்கும் சாலை ஒரு முறை இடப்பக்கம் வளையும். அந்த வளைவில்தான் நிர்வாகம் பெரிய போர்டு வைத்திருந்தது. அதில் பதினாறு முகங்கள். ஒவ்வொரு முகத்துக்கும் கீழே, அதை வேலைக்கு எடுத்த கம்பெனியின் பெயர், முகத்தைவிடப் பெரிதாக. மேல் வரிசையில் மூன்றாவதாகக் கண்ணை அகல விரித்துக்கொண்டிருந்தவள், கல்லூரியின் ஏழாம் நம்பர் பஸ்ஸை ஓட்டுகிறவரின் மகள்.

மூன்றரை வருடமாக அவளுக்கு 'டிரைவர் பொண்ணு' என்றுதான் பெயர். போர்டு ஏறிய மறுநாளே 'பெரிய கம்பெனி பொண்ணு' ஆகிவிட்டாள். அம்மா தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லித் தீர்த்துவிட்டு, இனி ஆள் இல்லையே என்று கேஸ் சிலிண்டர் போட வந்தவரையும் நிறுத்தி வைத்துச் சொன்னாள். அப்பா மட்டும் வாயே திறக்கவில்லை. வளைவு வந்ததும் நீளமாக ஒரு ஹாரன் அடிப்பார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பஸ்ஸில் இருக்கிற எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கூச்சம்தான். ஆனாலும் ஒரு நாள்கூட வேறு பஸ்ஸில் ஏறியதில்லை.

அந்தப் பெரிய கம்பெனி அவளைப் பொறுக்கியெடுத்த அழகையும் சொல்லிவிட வேண்டும். நானூறு பேரை ஒரே ஹாலில் உட்காரவைத்துப் பரீட்சை வைத்தார்கள். அப்புறம் பத்து நிமிட இன்டர்வியூ. "அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்க?" என்று கேட்டார்கள். "இதே கம்பெனியிலதான் சார்" என்றாள். அவளுக்கு முன்னால் போனவனும் அதைத்தான் சொன்னான், பின்னால் போனவளும் அதைத்தான் சொன்னாள். மூன்று பேருக்கும் வேலை கிடைத்தது. என்ன வேலை என்று கேட்க மட்டும் மூவருக்குமே தோன்றவில்லை. சேரும் தேதி பின்னர் தெரிவிக்கப்படும் என்றது கடிதம்.

சும்மா இருந்த மனசைக் கெடுக்க, கடைசி செமஸ்டரில் இன்னொரு கம்பெனி கூப்பிட்டது. ஆஸ்பத்திரி மெஷின்களைப் பழுது பார்க்கிற சின்ன கம்பெனி, மொத்தமே ஒன்பது பேர். எப்போதோ விண்ணப்பம் போட்டு மறந்திருந்தாள். அங்கே கேள்வி எதுவும் கேட்கவில்லை. சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றுகிற பம்ப் ஒன்றை மேஜையில் வைத்து, ஸ்குரூ டிரைவரைக் கையில் கொடுத்து, "இது ஓட மாட்டேங்குது, பாருங்க" என்று சொல்லிவிட்டு மேனேஜர் சாப்பிடப் போய்விட்டார். அவர் திரும்புவதற்குள் கண்டுபிடித்துவிட்டாள். உள்ளே ஒரு ஒயர் மயிரிழை அளவு விட்டுப்போயிருந்தது. பக்கத்து மேஜையில் கிடந்த சால்டரிங் அயர்னை எடுத்துப் பற்றவைத்ததும் பம்ப் முனகிக்கொண்டே ஓட ஆரம்பித்தது. தான் எஞ்சினியர்தான் என்று அவளுக்கே நம்பிக்கை வந்தது அன்றைக்குத்தான்.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொன்னார்கள். சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. மனசு எந்தப் பக்கம் என்பதிலும் அவளுக்குக் குழப்பம் இல்லை. குழப்பமெல்லாம் அந்த ஹாரனைப் பற்றித்தான். அதை எப்படி நிறுத்தச் சொல்வது?

முதலில், மாணவர்களுக்கு வேலை பிடித்துத் தருகிற பிளேஸ்மென்ட் சாரிடம் போனாள்.

"சார், போர்டுல என் கம்பெனி பேரை மாத்த முடியுமா?"

"கம்பெனியை மாத்திக்கோம்மா. போர்டை மாத்த முடியாது, இது அட்மிஷன் டைம். நீ எங்க வேணா வேலை பாரு. போர்டுல அங்கதான் பாக்குற."

"அது பொய் இல்லையா சார்?"

"என்ன பொய்? அவங்க வேலை குடுத்தது நிஜம்தானே? நீ போய்ச் சேந்தேன்னு எங்கயாவது போட்டிருக்கா?"

போட்டிருக்கவில்லை. சார் சட்டம் படித்திருக்க வேண்டியவர்.

வியாழக்கிழமை மாலை, எல்லோரும் இறங்கிப் போன பிறகு, பஸ்ஸிலேயே நின்றாள். அப்பா குனிந்து, சீட்டுக்கு அடியில் கிடந்த தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா, நான் அந்தப் பெரிய கம்பெனிக்குப் போகலை."

அவர் நிமிரவில்லை. "வேற எங்க?"

சொன்னாள். பம்ப் கதையையும் சேர்த்தே சொன்னாள்.

"ஓடிடுச்சா?"

"ஓடுச்சுப்பா."

"அப்புறம் என்ன?"

"நீங்க தினமும் அந்த போர்டைப் பாத்து ஹாரன் அடிக்கிறீங்களே..."

அப்பா சட்டென்று நிமிர்ந்தார். "போர்டைப் பாத்தா? யாரு சொன்னா? அது வளைவு பாப்பா. வளைவுல ஹாரன் அடிக்கலேன்னா எதிர்ல வர்றவன் கதி என்ன? இருபது வருஷமா அடிக்கிறேன்."

போர்டு வருவதற்கு முன்பும் அடிப்பாரா என்று யோசித்துப் பார்த்தாள். நினைவில்லை. அப்போதெல்லாம் அந்த வளைவு வரும்போது காலையில் அவள் நல்ல தூக்கத்தில் இருப்பாள், மாலையில் அரட்டையில். ஆக, இத்தனை நாளும் அவள் முகம் சிவந்ததெல்லாம் ஒரு போக்குவரத்து விதிக்காக. நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதிக்குள் ஏன் அழுகை வந்தது என்று அவளுக்கே புரியவில்லை.

வெள்ளிக்கிழமை சின்ன கம்பெனிக்குச் சம்மதம் சொன்னாள். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சிலிண்டர்காரரிடம், "டாக்டருங்களே எம்பொண்ணு வர்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும்" என்று ஆரம்பித்துவிட்டாள்.

எட்டு மாதம் கழித்து, சான்றிதழ் வாங்க ஒரு நாள் லீவு போட்டுவிட்டு ஏழாம் நம்பர் பஸ்ஸில் ஏறினாள். பெரிய கம்பெனி இன்னும் யாருக்கும் தேதி தெரிவிக்கவில்லை. அதனால் என்ன, போர்டில் பதினாறு பேரும் மும்முரமாக வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். எதிரே வருகிற வண்டி தெரியவில்லை என்று யாரோ புகார் செய்ததால், போர்டை மட்டும் வளைவிலிருந்து பிடுங்கி, அதைத் தாண்டி நேர்ச் சாலையில் நட்டிருந்தார்கள்.

வளைவு வந்தது. பஸ் சத்தமில்லாமல் திரும்பியது.

அப்புறம் நேர்ச் சாலை. முன்னால் வண்டி இல்லை, ஆள் இல்லை, ஒரு நாய்கூட இல்லை. அப்பா ஹாரனை நீளமாக அழுத்தினார்.

"அப்பா, இங்க வளைவே இல்லையே?"

"கை பட்டுடுச்சு" என்றார் அவர், ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல்.