பன்றிக்கும் தவக்காலம்

நான் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவன். ஏலம் முடிந்த பிறகு அங்கே கிடக்கிற சூரைத் தலையும் சாளைக் குடலும் வீணாய்ப் போவதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்குப் பன்றி வளர்க்கிற ஆசை வந்தது. நாமே வளர்த்த கறியைப் பெருநாளன்று மேசையில் வைத்து ஆண்டவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றேன் மனைவியிடம்.

"நன்றிய நீங்க சொல்லுவிய. பன்னிப் பீய யாரு அள்ளுவா?"

அதையும் நானே அள்ளுவதாக வாக்குக் கொடுத்தேன். பின்பக்கம் சிமெண்டுத் தளம் போட்டு, தண்ணீர் வடிகிற மாதிரி சரிவு வைத்து, மேலே கிடுகு வேய்ந்து, மூன்று வெள்ளைக் குட்டிகள் வாங்கி வந்தேன். காலடியில் பன்றியோடு நிற்கிற வனத்து அந்தோனியார் படத்தைத் தொழுவத்துத் தூணில் மாட்டினேன். குட்டி விற்ற பண்ணைக்காரர் தீனி பற்றி நிறையச் சொன்னார். நான் குட்டிகளின் காதுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரோஜாப்பூ இதழ் மாதிரி இருந்தன. அவர் சொன்னதில் "மீன் கழிவ வேவிச்சுப் போட்டா நல்லா வளரும்" என்பது மட்டும் மனதில் நின்றது.

வளர்ந்தன. சூரைத் தலையைக் கடிக்கிற சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

கிறிஸ்துமஸுக்கு முதல் பன்றியை வெட்டினோம். மனைவியின் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். ஒரு துண்டை வாயில் போட்டான். மென்றான். என் முகத்தைப் பார்த்தான்.

"அத்தான், இது பன்னியா, இல்ல நாலு கால் சூரையா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் ஒரு துண்டு எடுத்தேன். பொய் சொல்லக் கூடாது, கருவாடே தான். பூண்டும் பட்டையும் அள்ளிப் போட்டும் அந்த வாடை அசையவில்லை. மனைவி மட்டும் சிரிக்கவில்லை. சட்டியைக் குசினிக்குத் தூக்கிப் போனவள் அங்கிருந்தே சொன்னாள்:

"ஈஸ்டருக்கு ஒண்ணு வெட்டுங்க. அன்னைக்கும் இந்த வாடை அடிச்சுதுன்னா, மறுநாளே தொழுவத்தப் பிரிச்சுப் போட்டு முருங்க வச்சிருவேன், பாத்துக்கிடுங்க."

சொன்னால் செய்கிறவள். பண்ணைக்காரருக்குப் போன் போட்டேன். "மீனத் தின்னா மீன் வாடைதான அடிக்கும்? வெட்டுறதுக்கு நாப்பது அம்பது நாளைக்கு முன்னாலயே மீன நிப்பாட்டிரணும்னு அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே" என்றார்.

நாற்பது என்றதுமே எனக்கு வழி தெரிந்துவிட்டது. தவக்காலமும் நாற்பது நாள்தானே. சாம்பல் புதனன்று கோவிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்த கையோடு தொழுவத்தில் மீனை நிறுத்தினேன். நாங்கள் கறியை விட்டோம், அவை மீனை விட்டன. வீட்டுக்குள்ளே கறிக்கு ஏங்கி மீன் தின்றோம். வெளியே மீனுக்கு ஏங்கி முட்டைக்கோஸ் தின்றார்கள். முதல் நாள் தின்னவும் இல்லை. இலையை மூக்கால் ஒதுக்கிவிட்டு அடியில் தலை இருக்கிறதா என்று தேடினார்கள்.

தவிடும் புண்ணாக்கும் போதவில்லை. நம்மூரில் எந்த ஓட்டல் மிச்சத்திலும் மீன்முள் கிடக்கும். அதனால் வாளியோடு ஒரு சைவ ஓட்டலுக்குப் போனேன். கல்லாவில் இருந்த அண்ணாச்சி நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார்.

"பன்னிக்கா கேக்கிய? இங்க சுத்த சைவம்லா!"

"அதனாலதான் அண்ணாச்சி வந்தேன். அதுக நோன்புல இருக்கு."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, காய்த்தோலும் மிச்சச் சோறும் தினமும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். கொண்டு வந்து கொதிக்க வைத்துப் போட்டேன்.

எல்லாம் ஒழுங்காய்ப் போனது. ஈஸ்டருக்கு மூன்று வாரம் இருக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "தம்பி, பாவம் மெலிஞ்சு போச்சேன்னு நேத்து நாலு சாளைத் தலை போட்டேன். என்னமா தின்னுச்சுங்க!" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. அந்த வாரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது, பன்றிக்காக வேண்டிக்கொள்ளலாமா என்று சாமியாரிடம் கேட்டேன். வேண்டலாம், அதோடு சுவரையும் உயர்த்திக் கட்டு என்றார். இரண்டையும் செய்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனியன்று காலையில் ஆள் வந்து ஒன்றை வெட்டிக் கொடுத்தார். எனக்குப் பார்க்க மனம் வரவில்லை. கோவிலில் போய் உட்கார்ந்துகொண்டேன். மாலையில் மனைவி இரண்டு சட்டி ஏற்றினாள். மணம் வந்தது. ஆனால் ருசி பார்க்க முடியாதே, தவக்காலம் இன்னும் முடியவில்லை. சட்டிக்கு மேல் குனிந்து மோந்து பார்த்தேன். ஐஸ் உடைக்கிறவன் மூக்குக்கு எல்லாமே மீன் வாடைதான்.

"ஏளா, நீ மோந்து பாரேன்."

"நான் பாக்க மாட்டேன். நாளைக்கு எல்லாரோடயும் சேந்து தெரிஞ்சுக்கிடுதேன்."

ஈஸ்டர் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் மைத்துனன்தான் முதலில் மூடியைத் திறந்தான். வேண்டுமென்றே மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு துண்டை எடுத்தான். மென்றான். நான் மனதுக்குள் அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்கிவிட்டேன். அவன் மூக்கை விட்டான். இன்னொரு துண்டு எடுத்தான். பிறகு தட்டையே எடுத்து வந்து உட்கார்ந்துவிட்டான்.

"என்னல, பேச்சக் காணோம்?" என்றாள் அவன் அக்கா.

"தின்னுதேன்லா. பொறவு பேசுதேன்."

மனைவி ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டாள். தனியாக ஒரு கிண்ணத்தில் கறி அள்ளி, பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்து வரச் சொன்னாள். அக்கா தின்று பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் சாளைத் தலை போட்டிருந்தா இன்னும் ருசியா இருந்திருக்கும்" என்றார்.

மறுநாள் காலையில் கடப்பாரைச் சத்தம் கேட்கவில்லை. மனைவி கழுவிய வாளியை என் கையில் கொடுத்தாள். ஓட்டல் அண்ணாச்சி என்னைக் கண்டதும், "என்ன, நோன்பு முடியலையா?" என்றார்.

"எங்களுக்கு முடிஞ்சுது அண்ணாச்சி. அங்க ஒருத்தன் இன்னும் இருக்கான்."