மாடம்பாக்கத்து சிவப்பு டர்போ

கார் கதவைத் தொறந்ததும் குப்புனு ஒரு சென்ட் வாசனை. பூட்டிக் கெடந்த சீட் வாடையும் ரோஸ் பெர்ஃப்யூமும் கலந்து மூக்குல ஏறிச்சு...

"இவ்ளோ சென்ட் எதுக்குடி அடிச்சிருக்காரு?"னு என் காதுல கேட்டா நஸ்ரின்.

நான் சிறுசேரில வேலைக்குச் சேர்ந்த புதுசு. நஸ்ரின் எங்க டீம்ல டெஸ்டிங். மேற்கு தாம்பரத்துல அவங்க அத்தாவுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. எதைப் பாத்தாலும் கழட்டி உள்ள என்ன இருக்குனு பாக்கணும் அவளுக்கு.

எனக்கு ஒரே ஆசை. வண்டி சின்னதா இருக்கணும், மிதிச்சா பறக்கணும். "மைலேஜ் குடுக்கற வண்டியா பாரும்மா"னு எங்கப்பா சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சுட்டார்.

ஆன்லைன்ல பாத்துட்டுத்தான் ஒரு சனிக்கிழமை காலைல மாடம்பாக்கம் போனோம். சிவன் கோயிலுக்குப் பின்னாடி தெரு. சிவப்பு டர்போ ஹேட்ச்பேக். ஓனர் பேர் தினேஷ், அந்த ஊர்க்காரர். நெலம் வெச்சிருந்த குடும்பம், இப்ப கடை கட்டி வாடகைக்கு விட்டிருக்காங்க. கொழந்த பொறந்தாச்சு, பெரிய வண்டி வேணும்னு இதை விக்கிறார். அவரும் இதை செகண்ட் ஹேண்ட்லதான் வாங்கினாராம்.

நஸ்ரின் அந்த சென்ட்டை விடறதா இல்ல. நம்ம பக்கம் ஒரு பெரிய மழை வந்தா எத்தனை கார் தண்ணில நிக்குது... சேத்து வாடையை மறைக்கத்தான் அடிச்சிருக்காரோனு அவளுக்கு டவுட். சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் வெளிய இழுத்தா. கறை இல்ல. கார்ப்பெட்டைத் தூக்கி அடில கைய விட்டுத் தடவினா. மண் இல்ல, துரு இல்ல.

"தண்ணி படாத வண்டிமா. கொழந்த வாந்தி எடுத்துடிச்சி, அதான் சென்ட்டு"ன்னார் தினேஷ் அண்ணா. அவர் சம்சாரம் கொழந்தையை இடுப்புல வெச்சுகினு வாசல்ல நின்னு சிரிச்சாங்க.

அடுத்து நஸ்ரின் பானெட் மேல கை வெச்சுப் பாத்தா. ஜில்லுனு இருந்துச்சு. நாங்க வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்கனு போன்லயே சொல்லிருந்தோம். சூடா இருக்கற இஞ்சின் பாதி வியாதியை மறைச்சுடுமாம். ஸ்டார்ட் பண்ணச் சொல்லிட்டு சைலன்சர் பக்கத்துல உக்காந்துட்டா. நீலப்புகை வந்தா டர்போ ஆயில் குடிக்குதுனு அர்த்தம். வரல.

அப்புறம் அகரம்தென் ரோட்டுல ஒரு ரவுண்டு. நாலாவது கியர்ல மெதுவா போய்ட்டு ஒரே மிதி மிதிக்கச் சொன்னா. கிளட்ச் போயிருந்தா இஞ்சின் மட்டும் கத்தும், வண்டி நகராதாம். அப்படி எதுவும் இல்ல... முதுகு அப்படியே சீட்டோட ஒட்டிக்கிச்சு. மனசுல நான் அப்பவே வாங்கிட்டேன்.

"ரீமேப் பண்ணிருக்கீங்களாண்ணா?"னு கேட்டா நஸ்ரின். கம்ப்யூட்டர் செட்டிங்கை மாத்தி இஞ்சின் பவரை ஏத்தறதாம்.

"பண்ணிருக்கேன்மா. பொய் சொல்ல மாட்டேன்"னு சிரிச்சார்.

திரும்பி வந்ததும் கிளம்பலாம்னு நான் நிக்கறேன். இவ மட்டும் முன்கதவைத் தொறந்து, ஃப்ரேமைச் சுத்தி இருக்கற ரப்பர் பீடிங்கை உருவினா.

வலது பக்கம் தகரத்துல வரிசையா சின்னச் சின்ன வட்டக் குழி. கம்பெனில வெல்டு வெச்ச இடமாம். இடது பக்கம் உருவினா... ஒரு குழி கூட இல்ல. வழவழனு பட்டியும் பெயின்ட்டும்.

"அண்ணா, இந்தப் பக்கம் வண்டி அடிபட்டிருக்கா?"

"இல்லையேமா. என் கைக்கு வந்தப்புறம் ஒரு கீறல் கூட வாங்கல."

"அப்ப அதுக்கு முன்னாடி. இந்தக் கதவுத் தூணையே வெட்டி ஒட்டிருக்காங்க. இன்னொரு தடவை அடிபட்டா தாங்காது."

அவர் குனிஞ்சு அந்த எடத்தை விரலால தடவினார். வலது பக்கம் போய்ப் பாத்தார். மறுபடி இடது பக்கம் வந்தார். அவர் முகம் மாறினதைப் பாத்தப்பதான் புரிஞ்சுது, இந்த மனுஷனுக்கு நெஜமாவே தெரியாது.

"இன்னாங்க, இன்னா ஆச்சு?"னு வாசல்லேர்ந்து அவர் சம்சாரம் கேட்டாங்க.

"ஒண்ணுமில்ல, நீ வெயில்ல நிக்காத"ன்னார். அப்புறம் எங்க கிட்ட மெதுவா, "போன வாரம் கூட சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி நூத்தி நாப்பதுல போனேம்மா... கொழந்த பின்னாடி தூங்கிகினு இருந்திச்சி."

நஸ்ரின் பீடிங்கை பழையபடி அழுத்தி மாட்டினா. ஸ்கூட்டர்ல திரும்பினோம். சேலையூர் கிட்ட வர்றப்ப, "சொல்லாம வந்திருக்கலாமோ?"ன்னா. அவளே, "இல்ல, சொல்லணும்"னும் சொல்லிக்கிட்டா.

கொஞ்ச நாள் கழிச்சு தினேஷ் அண்ணா போன் பண்ணார். வண்டியை ஒரு ஷெட்ல பிரிச்சுப் பாத்தாராம், உள்ள அரைகுறை வெல்டிங்காம்.

"நீங்க போனப்புறம் ரெண்டு பேர் வந்தாங்கமா. பெயின்ட்ட பாத்துட்டு உடனே எடுத்துக்கறேன்றாங்க. எனக்குக் குடுக்க மனசு வரல. இஞ்சின் வேற, கியர்பாக்ஸ் வேறனு பார்ட்ஸா வித்துட்டேன்."

நிறைய நஷ்டம் ஆகியிருக்கும்.

அதோட விட்டாரா... "ஃப்ரெண்டு ஒருத்தன் கிட்ட அதே மாடல் கீது. ரெண்டு பக்கமும் நானே உருவிப் பாத்துட்டேன். உங்க ஃப்ரெண்டையும் இட்டுகினு வாங்க"ன்னார்.

அந்த வண்டியைத்தான் வாங்கினேன். கல்யாணம், ஆபீஸ் மாறினது, எல்லாம் அதுலதான். தினேஷ் அண்ணா பையன் இப்ப ஸ்கூல் போறான். நஸ்ரின் துபாய்ல இருக்கா.

போன மாசம் அதைக் குடுத்துட்டு வேற ஒரு பழைய வண்டி எடுத்தேன், ஆப்லதான். வண்டியை செக் பண்ண ரிப்போர்ட் போனுக்கே வந்துடுச்சு, பக்கம் பக்கமா பச்சை டிக். லாரில கொண்டு வந்து வாசல்ல இறக்கிட்டுப் போய்ட்டாங்க. நல்ல வண்டி, குறை சொல்ல முடியாது.

ஆனா இதை ஓட்டினது யாரு, ஏன் வித்தாங்கனு கேக்க ஆள் இல்ல. டிரைவர் சீட் ஸ்டீரிங்கை ஒட்டி முன்னாடி தள்ளி இருந்துச்சு. கொஞ்சம் குள்ளமான ஆளா இருக்கணும்...

அவ்வளவுதான் தெரியும்.