கை தட்டிய கூட்டத்தின் நடுவே

போன வருடம் மழைக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு, பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கடற்கரை ஊரில் நடந்தது இது. புயல் வந்தால் யார் என்ன செய்ய வேண்டும் என்று ஊரே சேர்ந்து ஒத்திகை பார்க்க ஏற்பாடு. கடலூரிலிருந்து அதிகாரிகள் வந்து கூட்டம் போட்டு எங்களைக் குழு குழுவாகப் பிரித்திருந்தார்கள். எச்சரிக்கை சொல்ல ஒரு குழு, சாலையில் விழுந்த மரத்தை அகற்ற ஒரு குழு, மருத்துவமனைக்குத் தகவல் சொல்ல ஒரு குழு. நான் ஊரில் சின்னதாக ஒரு பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். அதனால் அடிபட்டவர்களாக நடிப்பவர்களுக்குக் காயம் வரைகிற வேலை எனக்கு.

பக்கத்து வீட்டு அக்கா, “நான் படுத்துக்கறேன்” என்று தானாகவே முன்வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், மீன் வியாபாரம் செய்கிறவர். ஊரில் எந்த விசேஷத்திலும் முதலில் கேட்பது அவர் சிரிப்புச் சத்தம்தான். குங்குமத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து அவர் நெற்றியில் ரத்தம் வழியவிட்டேன். முகம் வெளிறித் தெரிய வேண்டும் என்று பவுடரை அப்பினேன்.

“இன்னும் ஜாஸ்தியா போடுடி. போட்டோல்லாம் எடுப்பாங்களாம்” என்று கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார்.

சைரன் ஊதியது. ஜனங்கள் புயல் பாதுகாப்பு மையத்தை நோக்கி ஓடினார்கள். பாதிப் பேர் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். சாலைக்குக் குறுக்கே வேப்பங்கிளை ஒன்றை வெட்டிப் போட்டிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் அக்கா படுத்து, “ஐயோ, அம்மா” என்று கத்திக்கொண்டிருந்தார். மைக் பிடித்திருந்த அதிகாரி ஒவ்வொன்றையும் விளக்கிக்கொண்டிருந்தார்.

திடீரென்று அக்காவின் கத்தல் நின்றுவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருபக்கமாகச் சுருண்டார்.

“பாருங்க, எவ்வளவு தத்ரூபமா நடிக்கிறாங்க! எல்லாரும் ஒரு தடவ கை தட்டுங்க” என்றது மைக்.

தட்டினோம். நானும்தான் தட்டினேன். அடிபட்டவர் மயங்க வேண்டும் என்பது முன்பே சொல்லி வைத்ததுதான். ஆனால் நெஞ்சைப் பிடிக்கச் சொன்னதாக நினைவில்லை. தலையில் காயம் வரைந்தவள் நான், நெஞ்சில் எதற்குக் கை வைக்கிறார்? சொந்தமாகச் சேர்த்துக்கொள்கிறாரோ? அவர் அப்படிச் செய்யக்கூடியவர்தான். கிட்டே போனால் ஒத்திகை கெட்டுவிடுமோ என்று வேறு தயக்கம். போகவா வேண்டாமா என்று இரண்டடி முன்னே வைத்து ஓரடி பின்னே வைத்தேன்.

கடைசியில் போய்க் குனிந்து பார்த்தேன். நான் போட்ட பவுடர் வியர்வையில் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது. வெயில் என்னவோ அடித்தது. ஆனால் நெற்றியைத் தொட்டால் சில்லென்று இருந்தது. அவர் என் விரலை இறுக்கிப் பிடித்து, “மாரு அடைக்குதுடி… நெசமாத்தான்…” என்றார்.

அப்போதும் எனக்கு முழுசாகப் புரியவில்லை. நெசமாத்தான் என்பதையும் நடித்தே சொல்லலாம் இல்லையா? இருந்தாலும் எழுந்து ஓடி அதிகாரியிடம், “சார், அவுங்களுக்கு நெசமாவே முடியல” என்றேன்.

“ஆமாம்மா, அப்டித்தான் பதற்றமா சொல்லணும்” என்று மைக்கை என் வாயருகே நீட்டினார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதையும் சிலர் ரசித்தார்கள். என்ன சொன்னாலும் நடிப்பாகத் தெரிகிற இடத்தில் நெசத்தை எப்படிச் சொல்வது? ஒன்றும் தோன்றாமல் திரும்பி ஓடிப்போய் துப்பட்டாவால் அக்காவின் முகத்தை அழுத்தித் துடைத்தேன். குங்குமம், பவுடர் எல்லாம் போன பிறகும் முகம் வெளுப்பாகவே இருந்தது. உதடு கறுத்திருந்தது. ஒத்திகைக்காக ஆம்புலன்ஸில் வந்திருந்த நர்ஸ் பெண் அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். கையைப் பிடித்துப் பார்த்தாள். “ஸ்ட்ரெச்சர்! இது ஒத்திகை இல்ல!” என்று அவள் போட்ட சத்தத்தில் மைக் நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் வினோதம். மரக் குழுப் பையன்கள் கிளையை இழுத்து ஓரமாகப் போட்டு வழி விட்டார்கள். எச்சரிக்கைக் குழு கூட்டத்தை விலக்கியது. இன்னொரு குழு சிதம்பரம் மருத்துவமனைக்குப் போன் போட்டது. கூட்டங்களில் பேசி வைத்த மாதிரியே எல்லாம் நடந்தது. அதில் பாதிப் பேருக்கு இது நெசம் என்று கடைசிவரை தெரியாது. ஆம்புலன்ஸ் திரும்பி வரும் என்று அங்கேயே காத்திருந்தார்களாம்.

நான் ஆம்புலன்ஸுக்குள் அக்காவின் காலருகே உட்கார்ந்திருந்தேன். அவர் கணவருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். “ஏம்மா, என்னையும் நடிக்கச் சொல்றீங்களா? வல பின்னிட்டு இருக்கேன்” என்று வைத்துவிட்டார். திரும்ப அழைத்து, “மாமா, உங்க பொண்ணு மேல சத்தியமா” என்றேன். நாங்கள் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் சட்டைப் பித்தான்கூடப் போடாமல் ஒருவரின் பைக்கில் வந்து இறங்கினார்.

மருத்துவமனை வாசலில் ஊழியர்கள் தயாராக நின்றிருந்தார்கள். “ஒத்திகைக்கு வந்தவங்களா?” என்று ஒருவர் கேட்க, நர்ஸும் நானும் ஒரே குரலில் “இல்ல” என்று கத்தினோம். உடனே உள்ளே கொண்டு போனார்கள். மாரடைப்புதான். சீக்கிரம் கொண்டுவந்ததால் பிழைத்தார் என்றார் டாக்டர்.

அக்கா வீடு திரும்பிய பிறகு ஊரில் மறுபடி கூட்டம் போட்டோம். அந்த அதிகாரியும் வந்திருந்தார். ஒத்திகையின் நடுவே யாருக்காவது உண்மையிலேயே உடம்புக்கு முடியாமல் போனால் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்கே வைக்க வேண்டும், அதைப் பார்த்ததும் எல்லாம் நிற்க வேண்டும் என்று முடிவானது. அவ்வளவு கூட்டம் போட்டும் முதலில் இது யாருக்குமே தோன்றவில்லை.

“வூட்ல இருந்திருந்தா மீன் அலசிக்கிட்டே போய்ச் சேர்ந்திருப்பேன். ஒத்திகதான்டி என்னக் காப்பாத்துச்சு” என்கிறார் அக்கா. இருக்கலாம். அவர் உயிருக்குப் போராடியபோது சுற்றி நின்று கை தட்டியதும் அதே ஒத்திகைதானே என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டில் எதை நினைத்துக்கொள்வது என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் யாராவது “முடியல” என்று சிரித்துக்கொண்டே சொன்னால்கூட, இப்போதெல்லாம் என் கை முதலில் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்கத்தான் போகிறது.