ஞானசுந்தரி மேடம் கூட்டி வந்த பொதுமக்கள்

எங்கள் பல்கலைக்கழகத்தின் துணைப் பதிவாளர் ஞானசுந்தரிக்கு ‘ஷரத்து மேடம்’ என்று ஒரு பெயர் உண்டு. வைத்தவன் நான்தான். ஆராய்ச்சிப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்த முதல் மாதமே வைத்துவிட்டேன். விடுப்பு கேட்டுப் போனால்கூட விதிப் புத்தகத்தைத் தட்டி, “எந்த ஷரத்துல கேக்கறே?” என்பார். ஜுரத்துக்கு எங்கே போய் ஷரத்து தேடுவது?

மேடத்தின் வீடு சத்துவாச்சாரியில். கணவர் மோசஸ் பள்ளிக்கூட ஆசிரியர். தட்டச்சராக வந்து, அஞ்சல் வழியில் படித்து, ஒவ்வொரு படியாக மேலே வந்தவர் மேடம். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்வதிலிருந்து பட்டம் கைக்கு வருகிறவரை எல்லாமே அவர் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். பேராசிரியர்கள் பல்லைக் கடிப்பார்கள். இனிப்புப் பெட்டியோடு வரும் மாணவர்களை, “முதல்ல பட்டம் வரட்டும்” என்று பெட்டியோடு திருப்பி அனுப்புவார். எனக்கு அதில்தான் அதிக வருத்தம்.

அவர் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்த விதி ஒன்று உண்டு. முனைவர் பட்டத்தின் கடைசிக் கட்டமான வாய்மொழித் தேர்வு பொதுமக்கள் முன்னிலையில் நடக்க வேண்டும். உறவினரும் ஊழியரும் போக, வெளியாட்கள் பத்துப் பேராவது உட்கார்ந்திருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். அவருக்கு முன்னால் இருந்தவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. கேன்டீனில் டீ குடிப்பவர்களிடம் வருகைத் தாளை நீட்டினால் பொதுமக்கள் தயார். மேடம் வந்த பிறகு அந்தக் கதை நடக்கவில்லை. கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே வருகிறவர் முகத்தைப் பார்த்துத்தான் தாளை நீட்டுவார்.

போன ஐப்பசியில் ரஃபத் ஜஹானுக்குத் தேர்வு. ஆம்பூர்ப் பெண். தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவுநீரில் கலந்திருக்கும் குரோமியத்தை, கருக்கிய மல்லாட்டைத் தோலை, அதாவது வேர்க்கடலை ஓட்டைக் கொண்டு எப்படிப் பிரிப்பது என்பது அவளுடைய ஆராய்ச்சி. அரக்கோணத்தில் ஒரு கல்லூரி அவளுக்கு வேலை கொடுத்திருந்தது, அந்த வாரத்துக்குள் தேர்வு முடிந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. கோவையிலிருந்து வந்திருந்த புறத் தேர்வாளருக்கு அன்று மாலையே காட்பாடியில் ரயில். அவரை விட்டால் மறுபடி தேதி கிடைக்க மாதக் கணக்காகும்.

அன்றைக்கென்று வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மாணவர்கள் எல்லோரும் பருவத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார்கள். அறைக்குள் ரஃபத்தும் அவள் அப்பாவும் அண்ணனும், அவளுடைய நெறியாளர் அன்பரசனும், புறத் தேர்வாளரும்தான். பொதுமக்கள் என்று ஒரு ஈ காக்கை இல்லை. வெளியே வேனில் ரஃபத்தின் அப்பா கொண்டுவந்த பிரியாணி இருந்தது. முடிவு அறிவிக்கும் முன் மாணவர் செலவில் யாருக்கும் சாப்பாடு கூடாது என்று மேடம் அதையும் தடுத்துவிட்டார். வாசனையை மட்டும் தடுக்க முடியவில்லை.

அன்பரசன் தணிந்த குரலில் கேட்டார்: “மேடம், கையெழுத்துதானே வேணும்? பசங்க எக்ஸாம் முடிச்சிட்டு வந்து போட்டுடுவாங்க. ஆரம்பிச்சிடலாமா?”

“கையெழுத்து யாருக்கு சார் வேணும்? ஆள் வேணும்.”

“இந்தப் பொண்ணோட வேலை போய்டும் மேடம்!”

ரஃபத் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மேடத்தின் மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கையைவிட ஷரத்து பெரிதா? நான் வாயைத் திறப்பதற்குள் அவர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கிவிட்டார். வேறு வழியில்லாமல் நானும் பின்னாலேயே ஓடினேன்.

நெடுஞ்சாலையில், எங்கள் வாசலுக்கு எதிரே ஒரு ஷூ கம்பெனி பஸ் பழுதாகி நின்றிருந்தது. காலை ஷிப்ட் முடித்து வீட்டுக்குப் போகும் பெண்கள், கழுத்தில் அடையாள அட்டையோடு நிழற்குடைக்குள் நெருக்கியடித்து நின்றிருந்தார்கள். மேடம் நேராக அவர்களிடம் போனார்.

“ஏம்மா, மாத்து பஸ் வர நேரமாகுமா?”

“ஒரு மணி நேரமாவது ஆவும்ன்றாங்க. ஒரே பேஜாரா கீது.” சொன்னவள் முனியம்மா, கம்பெனியில் ஷூவின் மேல்பக்கத் தோலைத் தைப்பவள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

“உள்ளே ஒரு பொண்ணு டாக்டர் பட்டத்துக்கு நிக்குது. நம்ம பக்கத்துத் தண்ணியப் பத்திதான் படிச்சிருக்கு. கேக்க ஆளில்லை. வந்து உக்காந்து கேளுங்க. சந்தேகம் இருந்தா கேள்வியும் கேக்கலாம்.”

“எங்கள உள்ள வுடுவாங்களா?”

“விடறதும் விடாததும் என் வேலைதான். வாங்க.”

சொட்டச் சொட்ட நனைந்த பெண்கள் இருபது பேருக்கு மேல் குளிர்சாதன அறைக்குள் நுழைந்ததைப் பார்த்து அன்பரசன் எழுந்தே நின்றுவிட்டார். ரஃபத் திரையில் இருந்த தன் ஆங்கிலப் படங்களைப் பார்த்தாள், அந்தப் பெண்களைப் பார்த்தாள்.

“எந்த மொழியில பேசணும்னு ஷரத்துல இல்லம்மா” என்றார் மேடம், கதவருகே தன் நாற்காலியில் உட்கார்ந்தபடி.

அப்புறம் ரஃபத் தமிழில் பேசினாள். முதலில் தட்டுத் தடுமாறி, பிறகு சரளமாக. பச்சைத் தோல் என்ன ஆகிறது, தண்ணீர் எங்கே போகிறது, மல்லாட்டைத் தோலின் கரி எதைப் பிடித்துக்கொள்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். எத்தனையோ வாய்மொழித் தேர்வுகளில் கடைசி வரிசையில் உட்கார்ந்து நிம்மதியாகத் தூங்கியவன் நான். அன்றைக்குக் கண் கொட்டவில்லை. நான் தினமும் கட்டித் தூக்கிய கோப்புகளுக்குள் இதெல்லாமா இருந்தது?

தேர்வாளர் கேட்டு முடித்ததும், பொதுமக்கள் கேட்கலாம் என்று அறிவித்தார். மெதுவாக முனியம்மா எழுந்தாள்.

“நீ வடிகட்டுன தண்ணிய நீ குடிச்சியாம்மா?”

அன்பரசன் கண்ணை மூடிக்கொண்டார். ரஃபத் மூடவில்லை.

“இல்லக்கா. குடிக்கக் கூடாது. குரோமியம் போய்டும், உப்பு போகாது. குடிக்கலாம்னு நான் எங்கயும் எழுதல.”

“அப்போ அதனால எங்களுக்கு இன்னா?”

“கம்பெனிக்காரங்க அதையே தோல் அலச மறுபடி எடுத்துக்கலாம். உங்க கெணத்துல இருந்து உறிஞ்சறது கம்மியாகும். கெட்டுப்போன கெணத்த சரி பண்ண எனக்கு இன்னும் தெரியலக்கா.”

“சரி. தெரியலன்னு சொன்னியே, அது போதும்” என்று முனியம்மா உட்கார்ந்தாள். படித்த பெண் ஒருத்தி பதில் சொல்ல, நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்கு நின்ற பெண் ஒருத்தி அதை எடைபோட்டு ஒப்புக்கொண்டதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. தேர்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவர் எழுந்து, பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக ஆங்கிலத்தில் அறிவித்தார். ஒருவரும் கை தட்டவில்லை.

“பாஸா?” என்றாள் முனியம்மா.

“பாஸ்” என்றார் தேர்வாளர். அதற்கப்புறம் எழுந்த கைதட்டலில் ரஃபத் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மேடம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னிடம், “முடிவு அறிவிச்சாச்சு. இப்ப சாப்பாடு போடலாம்” என்றார். மாற்று பஸ் வந்து ஹாரன் அடித்தும் ஒருத்தியும் இலையை விட்டு எழுந்திருக்கவில்லை.

மறுநாள் பதிவாளர் கூப்பிட்டார். நானும் கோப்போடு போனேன்.

“ஷூ கம்பெனிப் பொம்பளைங்க எல்லாம் பொதுமக்களா மேடம்?”

“அவங்க இல்லன்னா வேற யாரு சார்?”

பதிவாளர் கோப்பைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். ரஃபத் தற்காலிகச் சான்றிதழை வாங்கிக்கொண்டு அன்றே அரக்கோணத்துக்கு ரயிலேறினாள்.

இப்போது தேர்வு அறிவிப்புகளை அந்த நிழற்குடையிலும் தமிழில் ஒட்டுகிறோம். ஒட்டுகிறவன் நான்தான், அதற்கும் மேடம் ஒரு ஷரத்து காட்டினார். யார் வரப்போகிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் பசை தடவினேன். போன வாரத் தேர்வில் மாணவர் பேச ஆரம்பித்த பிறகு கதவு திறந்தது. முனியம்மா இரண்டு தோழிகளோடு உள்ளே வந்து, மேடம் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டு, முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

“லேட்டாய்ட்ச்சி தம்பி. முதல்ல இருந்து சொல்லு” என்றாள்.