பித்தளைக் குண்டும் அக்காளின் கையும்

எங்கள் அக்காள் கர்த்தரிடம் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். நாலு பேர் முன்னால் பேசவும் வராது. அதனால் எழுதுகிறேன்.

அக்காள் கூமாப்பட்டியில் பிறந்தார்கள். தகர விளக்குகளுக்கு ஈயம் பற்றவைக்கும் அப்பாவின் வேலையைப் பக்கத்தில் இருந்தே கற்றுக்கொண்டார்கள். கல்யாணமான இரண்டாம் வருடம் மச்சானை இழந்து, மடவார் வளாகத்தில் என் வீட்டுக்கு என்னோடு வந்து தங்கினார்கள். அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே போய்விட்டார்கள்.

உலகச் சண்டைக் காலத்தில் சீமையிலிருந்து மோட்டார் பிரேக் கம்பி வருவது நின்றது. ராஜபாளையத்து மோட்டார் ஷெட்டில் வேலை பார்த்த நான், அறுந்த கம்பி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அக்காள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு கடையில் வாங்கிய வெறும் முறுக்குக் கம்பியின் நுனியை, பிரேக்கில் மாட்டி நிற்கும் பித்தளைக் குண்டுக்குள் நுழைத்து, இழைகளைத் துடைப்பம் போல விரித்து, ஈயம் ஒட்டுவதற்கு நவச்சாரம் தேய்த்து, உருகிய ஈயத்தில் முக்கினார்கள். நான் மறுமுனையைப் பிடித்திருந்தேன். ஆறியதும் உத்திரக் கொக்கியில் மாட்டித் தொங்கினார்கள். குண்டு கழன்றதால் கீழே விழுந்தார்கள். நான்காவது கம்பிதான் தாங்கியது. தொங்கிப் பார்க்காமல் ஒரு கம்பியும் வாசல் தாண்டியதில்லை.

ஷெட்டில் எல்லோரும் நான் செய்தது என்றே நினைத்தார்கள். அக்காளிடம் சொன்னேன்.

"இருக்கட்டும்லே. பொம்பள செஞ்சதுன்னா டிரைவரு பிரேக்க மிதிக்கவே யோசிப்பான்" என்று சிரித்தார்கள்.

ஒருநாள் டிரைவர் அண்ணாச்சி ஒருவர் வீடு தேடி வந்தார். செங்கோட்டை தாண்டி மலை இறக்கத்தில் மாட்டு வண்டி குறுக்கே வந்ததாம். அந்தக் கம்பிதான் காப்பாற்றியது என்று என் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இந்தக் கைக்குத் தங்கக் காப்பு போடணும்யா."

அக்காள் மோர் கொண்டுவந்து வைத்தார்கள். சூட்டுத் தழும்பேறிய விரல்களை அவர் பார்க்கவில்லை. சொல்ல வாயெடுத்தேன். மோர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவர் போன பிறகு அக்காள், "மோரு புளிச்சிருச்சோ? அவிய குடிக்காமப் போயிட்டாக" என்று மட்டும் கேட்டார்கள்.

அதற்குப் பிறகு நாலு வருடம் இருந்தார்கள். அப்போதும் நான் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் நெஞ்சுச் சளியில் படுத்தார்கள். பெட்டியைத் தூக்கிய அன்றும் ஷெட்காரர்கள், கைராசிக்காரர் கலங்கலாமா என்று என்னைத்தான் தேற்றினார்கள்.

தேற்றிய அவர்களுக்கும், கஞ்சி கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டு அம்மாளுக்கும், ஜெபித்த சபையாருக்கும் என் நன்றி.

ஷெட்காரர்களே, டிரைவர் அண்ணாச்சிமார்களே, உங்கள் வண்டிகளில் உள்ள கம்பிகளில் ஒன்றுகூட நான் செய்ததில்லை. இப்போதும் கம்பி கேட்டு வருகிறீர்கள். இல்லை என்று அனுப்பிவிடுகிறேன். துக்கத்தினால் என்று நினைத்துத் திரும்பிப் போகிறீர்கள். எனக்கு அந்த வேலை தெரியாது.