பலாமரத்தடிச் சருகு

மாடத்திக்குக் கோபம் மூக்கு நுனியில். குற்றாலத்தில் அந்த லாட்ஜில் பதினேழு வருஷமாகப் பெருக்குகிறாள். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் திட்டு, எண்ணெய்க் காலோடு வராந்தாவில் நடந்தால் திட்டு. அவள் வாரியல் படாத இடம் அங்கே ஒன்றே ஒன்றுதான், பின்பக்கப் பலாமரத்தடி. புரட்டாசிக் கடைசியிலிருந்து சித்திரை வரை அங்கே ஒரு சருகைக்கூடத் தொடமாட்டாள்.

காரணம் ஆறுமணிக் குருவி. வடக்கே இமயமலை அடிவாரத்திலிருந்து பறந்து வந்து, பலாமரத்தடியைத் தன் பெயருக்குப் பட்டா போட்டதுபோல் வைத்துக்கொள்ளும். இன்னொரு குருவி எட்டிப் பார்த்தால் விரட்டும். காலையும் மாலையும் ஆறு மணிக்கு விசிலடிக்கும். மற்ற நேரமெல்லாம் குட்டை வாலை ஆட்டிக்கொண்டு தத்தித் தத்திச் சருகைப் புரட்டும். அடியிலிருக்கும் புழுவும் வண்டும்தான் அதற்குச் சாப்பாடு. சாயங்கால விசில் கேட்டதும் மாடத்தி மேலகரத்து வீட்டுக்கு பஸ் ஏறுவாள். சொன்ன நேரத்துக்கு வருகிற விஷயத்தில் அவள் புருஷனைவிட அது எவ்வளவோ மேல்.

இந்த ஐப்பசியில் யாரோ எடுத்த குருவிப் படம் ஃபோனுக்கு ஃபோன் பரவியது. சென்னையிலிருந்து நாலு கேமராக்காரர்கள் ரூம் போட்டார்கள். முதலாளி ஜெகதீஸ்வரனுக்குத் தலைகால் புரியவில்லை. மாடத்தி தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குச் சுந்தரபாண்டியபுரம் போய்விட்டு வந்து பார்த்தால், பலாமரத்தடி மொட்டையாகக் கிடந்தது. படத்தில் குருவி பளிச்சென்று தெரியவேண்டுமாம். முதலாளி சருகையெல்லாம் அள்ளி, சாக்கில் கட்டி மதிலோரம் போட்டிருந்தார். அறிவு என்று ஒன்று வேண்டாமா?

முந்தின நாள் நடந்ததை வாட்ச்மேன் பரீது சொன்னார். கேமராக்காரர்கள் ஃபோனில் குருவிச் சத்தத்தை ஓடவிட்டார்களாம். தன் இடத்தில் வேறொன்று புகுந்துவிட்டதென்று அது பாய்ந்து வந்ததாம். அங்கே எதிரியும் இல்லை, இரையும் இல்லை. நாள் முழுக்க அலைக்கழித்தார்களாம். இன்று காலை விசிலே கேட்கவில்லை.

உன் குருவி எங்கே போய்விட்டது என்று முதலாளி அவளிடமே கேட்டார்.

“சோத்துப்பானையக் கழுவிக் கவுத்திட்டு விருந்துக்கு வான்னா எவன் வருவான் மொதலாளி? அது என்ன, அருவியில குளிக்கவா வந்திருக்கு?”

வாயை மூடாவிட்டால் நாளை முதல் வரவேண்டாம் என்றார். இந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு கதியில்லை. இருந்தும் நேரே மதிலோரம் போய்ச் சாக்குகளை இழுத்துவந்து, அத்தனை சருகையும் மரத்தடியில் கொட்டிப் பரப்பினாள்.

ஆறு மணி ஆகப்போகையில் மதிலுக்கு அப்பால் விசில் கேட்டது. கொஞ்ச நேரத்தில் குருவி சருகில் இறங்கி, ஓர் இலையைப் புரட்டியது. உடனே கேமராக்காரன் ஒருவன் ஃபோனை எடுத்துக்கொண்டு முன்னே வந்தான். மாடத்தி வாரியலைத் திருப்பிப் பிடித்துக் குறுக்கே நின்றாள்.

“நேத்துலேருந்து பட்டினி கெடக்கு. தின்னுட்டுப் போவட்டும். எவனாவது ஒரு அடி எடுத்து வச்சா வாரியக்கட்ட பிஞ்சிரும். மொதலாளின்னும் பாக்க மாட்டேன்.”

மறுநாள் முதல் வேலைக்கு வரவேண்டாம் என்று பரீதிடம் சொல்லியனுப்பினார் முதலாளி. ஆனால் சித்திரை வரை பலாமரத்தடியில் வாரியல் போட அங்கே ஒருத்தருக்கும் துணிச்சல் வரவில்லை. தினமும் ஆறு மணிக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் மாடத்தியின் தலை தெரிந்தது.